அமெரிக்க சம்பளத்தை போடுறப்ப அங்க இருக்கிற வாடகையையும் சேர்த்து போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல அமெரிக்கால வேலை பாக்குற பசங்களோட சம்பளத்தை பத்தி போட்டிருந்தீங்க, டாலரை அப்படியே ரூபாயா மாத்தி மாசத்துக்கு இத்தனை லட்சம்னு பெட்டி கட்டி போட்டிருந்தீங்க. அன்னைக்கு சாயங்காலமே விளாங்குடில டீக்கடைக்கு போனா, தெரிஞ்சவர் ஒருத்தர் "உங்க மகனுக்கு மாசம் எட்டு லட்சத்துக்கு பக்கம் வருமாமே, இன்னும் ஊர்ல ஒரு வீடு வாங்கி போடலையா"ன்னு கேக்குறாரு. அவர் மேல எனக்கு கோவமே இல்ல, பேப்பர்ல படிச்சதை வச்சுத்தானே கேக்குறாரு. ஆனா அந்த பெட்டிக்குள்ள பாதி கணக்குதான் இருந்துச்சு, மீதி பாதிய நான் ஆறு மாசம் அங்க இருந்து கண்ணால பாத்துட்டு வந்தவன், அதனால எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், வெட்டாம போட முடிஞ்சா போடுங்க.

நான் முப்பத்தி நாலு வருஷம் வீட்டு ப்ளான் போட்டு பொழச்சவன். கே.கே.நகர், ஆனையூர், கோச்சடை, திருநகர்னு இந்த ஊர்ல எத்தனையோ தெருவுல நான் வரைஞ்ச வீடு நிக்குது. வாத்தியார், பஸ் கண்டக்டர், பேங்க் க்ளார்க், ஜவுளிக்கடை வச்சிருந்தவர்னு யார் வந்தாலும் கடைசில கேட்டது ஒண்ணுதான். "கீழ நாங்க இருந்துக்குவோம், மாடில ஒரு போர்ஷன் எடுக்கணும், படிய மட்டும் வெளிய போட்ருங்க." படி ஏன் வெளியன்னா, குடி வர்றவங்க நம்ம ஹால் வழியா போகக்கூடாது, அம்புட்டுதான். இப்ப பணம் இல்லாட்டி கீழ மட்டும் கட்டிட்டு மாடிக்கு கம்பியை நீட்டி விட்ருவாங்க, பத்து வருஷம் கழிச்சு பிஎஃப் பணம் வந்ததும் மேல கட்டுவாங்க. அந்த மாடி வாடகைல புள்ளைங்கள படிக்க வச்சவங்க, வீட்டுக்கடன் அடைச்சவங்க இந்த ஊர்ல ஆயிரக்கணக்குல இருக்காங்க. இந்த மாடி போர்ஷனை ஞாபகத்துல வச்சுக்கங்க, பின்னாடி இதுக்கு வர்றேன்.

என் மகன் அமெரிக்கால நியூஜெர்சி மாநிலத்துல எடிசன் ஊர்ல இருக்கான். பேத்தி பொறந்ததுக்காக நானும் வீட்டுக்காரம்மாவும் போயிருந்தோம். அவனுக்கு வருஷ சம்பளம் 1,10,000 டாலர். ரூபாயா மாத்தினா உங்க பெட்டில வந்த கணக்குதான். ஆனா வரி, சோசியல் செக்யூரிட்டிங்கிற அரசு பென்ஷன் பிடித்தம், மெடிக்கல் இன்சூரன்ஸ், ரிட்டயர்மென்ட் பிடித்தம் எல்லாம் போக கைக்கு மாசம் 6,500 சொச்சம்தான் வருது. ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட் வாடகை 2,750. காருக்கு தவணையும் இன்சூரன்ஸும் சேத்து 630, கார் இல்லாம அங்க பால் பாக்கெட் கூட வாங்க முடியாது. மளிகை, காய்கறி, குழந்தை சாமான்னு 900 ஆயிருது. கரண்ட், ஹீட்டர், போனுக்கு 300. இங்க பேங்க்ல படிப்புக்கு வாங்கின கடனுக்கு 500 அனுப்பணும். மருமகளுக்கு அவங்க விசால வேலை பாக்க அனுமதி கிடையாது. இது போக டாக்டர் பில்லு, அது இதுன்னு வந்து, நல்ல மாசத்துல ஆயிரம் டாலர் மிச்சம் பிடிப்பான். ஆறு வருஷமா இப்படி சேத்தது 55,000.

அந்த பணத்தை வச்சுக்கிட்டு ஒரு வீடு வாங்கலாம்னு ஆரம்பிச்சான். தனி வீடு இல்லீங்க, ரெண்டு பக்கமும் சுவர் ஒட்டுன வரிசை வீடு, அதை டவுன்ஹவுஸ்னு சொல்றாங்க. விலை 5,20,000 டாலர். ஒரு சனிக்கிழமை ஓப்பன் ஹவுஸ், அதாவது விக்கிற வீட்டை யார் வேணா வந்து பாக்கலாம்னு திறந்து விடுற நாள்னு சொல்லி எங்களையும் கூட்டிட்டு போனான். தெரு பூராம் கார், வாசல்ல செருப்புக்கு மேல போட்டுக்க நீல கலர் ப்ளாஸ்டிக் உறை ஒரு கூடைல வச்சிருந்தாங்க, அதை மாட்டிக்கிட்டு முன்ன பின்ன தெரியாத இருபது முப்பது பேரோட சேந்து ஒரு படுக்கை ரூமுக்குள்ள நின்னோம். எனக்கு கை சும்மா இருக்காது, சுவரை தட்டி பாத்தேன், உள்ள காலி சத்தம். மரச்சட்டம் நிறுத்தி, வெளிய பலகை, உள்ள ஜிப்சம் பலகை அடிச்சு பெயின்ட் பூசுனதுதான் சுவரு. சட்டத்துக்கு சட்டம் பதினாறு இன்ச், விரல்ல தட்டிக்கிட்டே போய் அளந்துட்டேன். மரவீடுங்கிறதால மட்டமானதுன்னு நான் சொல்லல, அந்த குளிருக்கு அதுதான் சரி, வேலையும் சீக்கிரம் முடியும். நான் யோசிச்சது வேற. இவ்வளவு லேசா, இவ்வளவு சீக்கிரமா கட்ட தெரிஞ்ச ஊர்ல வீட்டுக்கு ஏன் இப்படி அடிச்சிக்கிறாங்கன்னுதான்.

அந்த வீட்டுக்கு அவன் பத்தாயிரம் கூடவே போட்டு 5,30,000க்கு வாங்கிக்கிறேன்னு எழுதி கொடுத்தான், அதை ஆஃபர்ங்கிறாங்க. கிடைக்கல. யாரோ 5,70,000க்கு மேல, கடனே இல்லாம ரொக்கமா கொடுத்து எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் நாங்க அங்க இருந்த வரைக்கும் இன்னும் அஞ்சு வீட்டுக்கு ஆஃபர் போட்டான், அஞ்சும் போச்சு. ஒவ்வொரு தடவையும் மருமக போனை பாத்துட்டு ஒண்ணும் பேசாம குழந்தையை தூக்கிட்டு ரூமுக்குள்ள போயிரும். ஊமச்சிகுளம் பக்கம் அஞ்சு சென்ட் வாங்கி போட்டிருக்கேன், அதை வித்து அனுப்புறேன்ப்பான்னு சொன்னேன், அவன் "வேணாம்ப்பா, அது உங்க கடைசி காலத்துக்கு"ன்னுட்டான்.

சரி, கிடைச்சிருந்தா மட்டும் என்ன ஆயிருக்கும்னு ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு மேசைல உக்காந்து ரெண்டு பேரும் கணக்கு போட்டோம். 5,20,000 வீட்டுக்கு 20 சதவீதம் கைல இருந்து கட்டினா 1,04,000. அது அவன்கிட்ட இல்ல, ஆனா இருக்குன்னே வச்சுக்குவோம். பாக்கி 4,16,000 கடன், முப்பது வருஷம், வட்டி 6.8 சதவீதம். மாசம் 2,712 டாலர். அதோட வீட்டு வரி, நியூஜெர்சில அது நாட்டுலயே அதிகம், 2024ல மாநில சராசரியே வருஷத்துக்கு பத்தாயிரம் டாலரை தாண்டிருச்சு, மாசத்துக்கு 830ன்னு வையிங்க. வீட்டு இன்சூரன்ஸ் 130. அந்த வரிசை வீட்டுக்கான பராமரிப்பு சங்கத்துக்கு 320. ஆக மொத்தம் நாலாயிரம். கைக்கு வர்றது ஆறாயிரத்து ஐநூறு. இந்த கணக்குல ஒரு மாசம் வேலை போனா என்ன ஆகும்னு நான் கேக்கவே இல்ல, அவன் முகத்தை பாத்தே நிறுத்திக்கிட்டேன்.

இதுல எனக்கு ரொம்ப உறுத்தினது வட்டிதான். நம்மூர்ல வீட்டுக்கடன் பெரும்பாலும் மாறுற வட்டி, ஏறினா எல்லாருக்கும் ஏறும், பழைய கடனுக்கும் ஏறும். அங்க பெரும்பாலும் முப்பது வருஷத்துக்கு ஒரே வட்டி, கையெழுத்து போட்ட அன்னைக்கு என்னவோ அதுதான் கடைசி வரைக்கும். 2021 ஜனவரில அது 2.65 சதவீதத்துக்கு இறங்குச்சு, 2023 அக்டோபர்ல 7.79க்கு ஏறுச்சு. ரெண்டே முக்கா வருஷம்தான் இடைவெளி. என் மகன் கேக்குற அதே 4,16,000 கடனை 3 சதவீதத்துல வாங்கினவனுக்கு மாசம் 1,754தான். கிட்டத்தட்ட ஆயிரம் டாலர் வித்தியாசம், முன்னாடி வந்தவன் பின்னாடி வந்தவன்ங்கிறதைத் தவிர வேற எந்த காரணமும் இல்ல. இதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. 3 சதவீதத்துல கடன் வச்சிருக்கவன் வீட்டை விக்க மாட்டான், வித்துட்டு வேற வாங்கினா புது வட்டி கட்டணுமே. புள்ளைங்க எல்லாம் வெளிய போய் ரெண்டு பேரு மட்டும் நாலு பெட்ரூம் வீட்ல இருந்தாலும் அங்கயே இருக்காங்க. அதனால 2024ல அந்த நாடு முழுக்க கை மாறின பழைய வீடுகளே சுமார் 40 லட்சம்தான், 1995க்கு அப்புறம் இவ்வளவு கம்மியா வித்ததே இல்ல. பொதுவா வட்டி ஏறினா விலை இறங்கும்பாங்க, அங்க விக்க ஆளே இல்லாததால அதுவும் நடக்கல.

இது ஏதோ இங்க இருந்து போன நம்ம பசங்க பிரச்சனைன்னு நினைச்சிராதீங்க. என் மகன் சம்பளம் அந்த நாட்டு நடுக்குடும்பத்து வருமானத்தை விட கூட. எல்லா குடும்பத்தையும் வருமானப்படி வரிசையா நிக்க வச்சா நட்டநடுவுல நிக்கிற குடும்பத்துக்கு 2024ல வருஷ வருமானம் 83,730 டாலர். அதே வருஷம் வித்த பழைய வீடுகளை வரிசைல வச்சா நடுவுல இருந்த வீட்டு விலை 4,07,500. அதாவது குடும்பமே சாப்பிடாம கொள்ளாம அஞ்சு வருஷ வருமானத்தை எடுத்து வைக்கணும். 1970 சென்சஸ்ல இதே மாதிரி நடு வீட்டோட மதிப்பு 17,000 டாலர், குடும்ப வருமானம் 8,700 சொச்சம். ரெண்டு வருஷ சம்பளத்துல ஒரு வீடு. அந்த காலத்துல ஒருத்தர் சம்பாதிச்சாலே வீடு ஓடுச்சு, இப்ப புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்கு போயும் எட்ட மாட்டேங்குது. சம்பளம் ஏறலன்னு இல்ல, ஏறியிருக்கு, வீட்டு விலை அதை விட ரெண்டு மடங்குக்கு மேல வேகமா ஓடிருச்சு. 1971ல நூத்துக்கு 61 பேர் நடுத்தர வர்க்கம்னு இருந்த நாடு, 2023ல 51 பேர்னு ஆயிருச்சு. விலகுன பத்து பேர்ல கொஞ்சம் பேர் மேல போனாங்க, கொஞ்சம் பேர் கீழ போனாங்க.

மகன் வீட்டுக்கு கீழ் வீட்ல அந்த ஊர்க்காரங்க ஒரு குடும்பம் இருந்துச்சு. அவர் ஹீட்டர், ஏசி ரிப்பேர் பாக்குறவரு, அந்தம்மா ஸ்கூல்ல உதவி டீச்சர். எங்க வீட்ல ஹீட்டர் ஒரு நாள் ராத்திரி நின்னப்ப, மெயின்டனன்ஸ்காரங்க காலைலதான் வருவோம்னுட்டாங்க, இவர்தான் டார்ச் லைட்டை எடுத்துட்டு வந்து பச்சை குழந்தை இருக்குன்னு காசு வாங்காம சரி பண்ணி கொடுத்தாரு. அவங்களுக்கு லீஸ் முடிஞ்சு (நம்மூர் ஒத்தி இல்ல, அங்க வாடகை ஒப்பந்தத்தைத்தான் லீஸ்ங்கிறாங்க) ரெனிவல் லெட்டர் வந்துச்சு, வாடகை மாசம் 240 டாலர் கூட. ஜனவரி மாசம் பனி கொட்டிக்கிட்டு இருக்கப்ப வாடகை லாரில சாமானை ஏத்திட்டு பென்சில்வேனியா பக்கம் போயிட்டாங்க, வேலை மட்டும் இங்கதான், தினம் ஒண்ணரை மணி நேரம் வண்டி ஓட்டி வருவாராம். ஊர்ல எல்லார் வீட்டையும் சூடா வச்சிருக்கிற மனுஷனுக்கு அந்த ஊர்ல வீடு இல்ல. 2022 கணக்குப்படி அந்த நாட்டுல வாடகைக்கு இருக்கிறவங்கள்ல பாதி குடும்பம், 2 கோடியே 24 லட்சம் குடும்பம், வருமானத்துல முப்பது சதவீதத்துக்கு மேல வீட்டுக்கே கொடுக்குறாங்க. அதுல 1 கோடியே 21 லட்சம் குடும்பத்துக்கு பாதிக்கு மேல போயிருது. இதுக்கும் கீழ இருக்கவங்க கதை தனி, மத்திய அரசோட குறைஞ்சபட்ச கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 ஜூலைல வச்சது, இன்னைக்கு வரைக்கும் அதேதான். பல மாநிலம் தானா கூட்டியிருக்கு, நியூஜெர்சில அதை விட ரெண்டு மடங்குக்கு மேல, ஆனா கூட்டாத மாநிலமும் நிறைய.

ஏன் இப்படி ஆச்சுன்னு மகன்கிட்டயும் அவன் ஃப்ரெண்ட்ஸ்கிட்டயும் கேட்டேன், லைப்ரரில போய் உக்காந்து படிச்சேன், அங்க முனிசிபல் லைப்ரரி அருமையா இருக்கு, யார் வேணா போய் உக்காரலாம். முதல் காரணம், கட்டல. 2005ல வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு மேல புது வீடு ஆரம்பிச்ச நாடு, கண்டபடி கொடுத்த வீட்டுக்கடனால ஊதுன குமிழி 2008ல உடைஞ்சதும் 2009ல அஞ்சரை லட்சத்துக்கு வந்துருச்சு. கான்ட்ராக்டருங்க மூடிட்டு போனாங்க, தச்சு வேலை, வயரிங் வேலை பாத்தவங்க வேற தொழிலுக்கு போயிட்டாங்க, அப்புறம் திரும்ப எந்திரிக்க பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. 2020 கடைசில அந்த நாட்டுக்கு 38 லட்சம் வீடு பத்தாக்குறைன்னு வீட்டுக்கடன் நிறுவனமான ஃப்ரெடி மேக்கே கணக்கு சொல்லுச்சு.

ரெண்டாவது காரணம்தான் என்னை தூங்க விடல, ஏன்னா அது என் தொழில் சம்பந்தப்பட்டது. அங்க ஜோனிங்னு ஒரு சட்டம், எந்த நிலத்துல என்ன கட்டலாம்னு ஊர் நிர்வாகம் போடுற விதி. 1926ல ஒஹையோ மாநிலத்துல யூக்ளிட்ங்கிற சின்ன ஊர் போட்ட விதிய சுப்ரீம் கோர்ட் செல்லும்னு சொன்னதுல இருந்து ஊர் ஊரா பரவுச்சு. நம்மூர்லயும் குடியிருப்பு, வணிகம், தொழில்னு நிலத்தை பிரிக்கிறோம், செட்பேக்னு வீட்டை சுத்தி காலி இடம் விடணும், உயரத்துக்கு கணக்கு இருக்கு, எல்லாம் நான் வரைஞ்சதுதான். ஆனா அங்க குடியிருப்பு நிலத்துக்குள்ளயே ஒரு மனைல ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடுதான்னு எழுதி வச்சிருக்காங்க, பல ஊர்கள்ல குடியிருப்பு நிலத்துல முக்கால்வாசி அப்படித்தான். மாடில போர்ஷன் எடுத்து வாடகைக்கு விட முடியாது. பின்னாடி ரெண்டு ரூம் கட்டி விட முடியாது. மனையும் இத்தனை அடிக்கு குறையக்கூடாதும்பாங்க. படிய வெளிய போட்ருங்கன்னு என்கிட்ட கேட்ட அந்த கண்டக்டரும் க்ளார்க்கும் அங்க பொறந்திருந்தா அந்த ப்ளானை நான் வரைஞ்சே கொடுத்திருக்க முடியாது, வரைஞ்சாலும் அப்ரூவல் கிடைக்காது. அவங்க கடனை அடைச்ச அந்த மாடி வாடகையும் இல்ல, அந்த மாடில கம்மி வாடகைக்கு குடியிருந்த இன்னொரு நடுத்தர குடும்பத்துக்கு இடமும் இல்ல. இதை யாரும் பெரிய தலைப்பு போட்டு எழுத மாட்டேங்குறாங்க, எனக்கு தெரிஞ்சு வீட்டு விலை பிரச்சனையோட வேர் இதுலதான் இருக்கு.

நியூஜெர்சிலயே இதுக்கு ஒரு பெரிய வழக்கு நடந்திருக்கு. மவுண்ட் லாரல்னு ஒரு ஊர், அங்க தலைமுறை தலைமுறையா இருந்த கருப்பின குடும்பங்க இருக்க நல்ல வீடு இல்லாம தவிச்சாங்க. குறைஞ்ச வாடகைல 36 அபார்ட்மென்ட் கட்ட இடம் கொடுங்கன்னு கேட்டாங்க, ஊர் நிர்வாகம் ஜோனிங்க காட்டி முடியாதுன்னுச்சு. எத்தல் லாரன்ஸ்னு ஒரு அம்மா, குழந்தைகள் பள்ளில டீச்சரா இருந்தவங்க, கோர்ட்டுக்கு போனாங்க. 1975ல மாநில சுப்ரீம் கோர்ட், எளியவங்களை வெளிய தள்ளுற மாதிரி எந்த ஊரும் விதி போடக்கூடாது, அவங்கவங்க பங்குக்கு வீடு கட்ட வழி விடணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. தீர்ப்பு வந்தும் ஊருங்க இழுத்தடிச்சு, 1983ல இன்னொரு தீர்ப்பு, 1985ல சட்டம்னு போச்சு. அந்தம்மா பேர்லயே அந்த ஊர்ல வீடுகள் வந்து ஜனங்க குடியேறுனப்ப 2000 ஆயிருச்சு, அதை பாக்க அவங்க உசுரோட இல்ல, 1994லயே போயிட்டாங்க. இதை படிச்ச அன்னைக்கு எனக்கு மனசே சரியில்ல.

இப்ப கொஞ்சம் மாறுது. மினியாபொலிஸ் நகரம் 2018ல ஒரு மனைல மூணு வீடு வரைக்கும் கட்டலாம்னு முடிவு எடுத்துச்சு, ஆரெகன் மாநிலம் 2019ல சட்டமே போட்டுச்சு, கலிஃபோர்னியாவும் பின்கட்டு வீடு கட்ட வழி விட்ருக்கு. நம்ம பசங்க நிறைய பேரு டெக்சாஸ் பக்கம் போறதுக்கும் வீடுதான் காரணம், அங்க மாநில வருமான வரி கிடையாது, நிலமும் நிறைய, ஆனா வீட்டு வரி நல்லா தீட்டிருவாங்க, புயல், ஆலங்கட்டின்னு இன்சூரன்ஸும் ஏறுது.

இப்ப நம்மூருக்கு வர்றேன். உங்க பெட்டி செய்தி டீக்கடையோட நிக்காது, கல்யாண மண்டபத்துக்கு போகும், புரோக்கர் கைக்கு போகும். பையன் அமெரிக்கால மாசம் எட்டு லட்சம்னு சொல்லி பொண்ணு பாப்பாங்க, அந்த எட்டு லட்சத்தை நம்பி பொண்ணு வீட்ல ஒரு கணக்கு போடுவாங்க, பையன் வீட்ல தங்கச்சி கல்யாணம், அய்யர்பங்களால ஒரு ஃப்ளாட்டுன்னு வேற கணக்கு போடுவாங்க. பையன் போன்ல "கொஞ்சம் பொறுங்கப்பா"ம்பான், பொண்டாட்டி பேச்சை கேட்டு மாறிட்டான்னு இவங்க சொல்லுவாங்க. எனக்கு தெரிஞ்சே ஒரு குடும்பத்துல அப்பாவும் மகனும் ஒரு வருஷமா பேசல. அந்த அப்பாகிட்ட நான் போய் என் மகன் வீட்டு கணக்கை எழுதின பேப்பரை காட்டினேன், அந்த மனுஷன் ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தாரு, அப்புறம் "இவ்வளவு போகுமா வாடகைக்கு"ன்னு மட்டும் கேட்டாரு.

அதனால ஆசிரியர் அய்யாகிட்ட நான் கேக்குறது இதுதான். அடுத்த தடவை எந்த நாட்டு சம்பளத்தை போட்டாலும் அந்த ஊர்ல ரெண்டு பெட்ரூம் வாடகை என்ன, கைக்கு வர்ற சம்பளத்துல அது எத்தனை பங்கு, ஒரு சாதாரண வீட்டு விலை எத்தனை வருஷ சம்பளம்னு பக்கத்துலயே மூணு வரி போடுங்க. ரூபாயா மாத்துறதை விட்ருங்க, அங்க சம்பாதிச்சு அங்க செலவழிக்கிறவனுக்கு அந்த கணக்கு உதவாது. அப்படியே மதுரைக்கும் அந்த மூணு வரியை போடுங்க. ரிங் ரோட்டுக்கு அங்கிட்டு சென்ட் விலை என்ன, அதை ஒரு தனியார் ஸ்கூல் டீச்சர், ஒரு மருந்துக்கடை பையன், மாட்டுத்தாவணி பக்கம் ஐடி கம்பெனில புதுசா சேந்த ஒரு பொண்ணு எத்தனை வருஷ சம்பளத்துல வாங்க முடியும்னு உங்க நிருபர்களை விட்டு விசாரிச்சு போடுங்க. சிம்மக்கல் பக்கம் ஒத்திக்கு வீடு கேட்டு அலையுறவங்க எத்தனை பேர்னு ஒரு நாள் போய் பாக்க சொல்லுங்க. என்கிட்ட ப்ளான் போட வந்த தலைமுறை ரிட்டயர் ஆகுறதுக்குள்ள மாடியும் கட்டிட்டாங்க, அவங்க பேரன் பேத்திங்க இன்னைக்கு மனையே வாங்க முடியாம நிக்கிறாங்க. எந்த விவரம் வேணும்னாலும் நான் வந்து தர்றேன், பழைய ப்ளான் நகல் எல்லாம் வருஷ வாரியா கட்டி வச்சிருக்கேன், அப்ப ஒரு வீடு கட்ட என்ன செலவாச்சுன்னு எஸ்டிமேட்டோட இருக்கு.

மகனுக்கு லீஸ் ரெனிவல் லெட்டர் இந்த மாசம் வரணும், இன்னும் வரல. நேத்து ராத்திரி போன்ல அதைத்தான் பேசிக்கிட்டு இருந்தோம்.

இப்படிக்கு,
உங்க பேப்பரை முப்பது வருஷமா படிக்கிற
ஓய்வு பெற்ற ட்ராஃப்ட்ஸ்மேன்,
விளாங்குடி, மதுரை.